மூன்றாம் நபர் ஆகிவிட்ட தாத்தா

கேரள மாநிலத் தகவல் ஆணையத்தின் தலைமை ஆணையருக்கும் ஆணையர்களுக்கும்,

வணக்கம்.

இடுக்கி மாவட்டம் பீர்மேடு தாலுக்காவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தோட்டத்து மக்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். கொழுந்து எடுக்கப் போகாத நாள் அது ஒன்றுதான் என்பதால் காலை எட்டு மணிக்கெல்லாம் திண்ணை நிறைந்துவிடும். ரேஷன் கார்டு, பென்ஷன், வாரிசுச் சான்று என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு, விசாரித்துக்கொண்டே போனால், ஏதோ ஓர் அலுவலக அலமாரியில் கிடக்கும் ஒரு காகிதம்தான் தேவையாக இருக்கும். அதற்காக ‘விவராவகாசம் போடுவது’, அதாவது தகவல் உரிமை மனுப் போடுவது, எங்கள் மலையில் சாதாரணப் பேச்சாகிவிட்டது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினால் சர்க்கார் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற நம்பிக்கையை 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களுக்குக் கொடுத்தது. அந்த நம்பிக்கை இப்போது ஆட்டம் காண்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அண்மையில் ஒரே மாதத்துக்குள் மூன்று காரியங்களோடு ஆட்கள் வந்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்களையும் அலுவலகங்களையும் சொல்லப்போவதில்லை.

முதலில் வந்தவள் என் பழைய மாணவி ஒருத்தியின் மகள். பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் சேரக் காத்திருப்பவள். பட்டியல் சாதிச் சான்று இருந்தால் கட்டணச் சலுகை உண்டு. இல்லாவிட்டால் படிப்பே இல்லை. கேரளத்தில் அந்தச் சான்று வேண்டுமானால், குடியரசுத் தலைவரின் ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பிருந்தே குடும்பம் இந்த மண்ணில் இருந்தது என்று காட்ட வேண்டும். நிலம் வைத்திருந்தவர்களுக்கு இது சிரமம் இல்லை. வில்லேஜ் ஆபீஸில் தண்டப்பேர் என்ற நிலக் கணக்கு இருக்கும், வரி கட்டிய பழைய ரசீது இருக்கும். தோட்டத்து ஆட்களுக்கு என்ன இருக்கும்? கம்பெனி வீட்டில் குடியிருந்து, கம்பெனிக் கடையில் அரிசி வாங்கி, கம்பெனி மஸ்டரில் பெயர் சொல்லி வாழ்ந்தவர்கள். அந்த வருகைப் பதிவேடுகளான செக்ரோல்கள் கறையான் தின்று, நிர்வாகம் கைமாறி, எங்கோ போய்விட்டன. மிச்சம் இருப்பது தோட்டத்துப் பள்ளிக்கூடங்களின் சேர்க்கைப் பதிவேடு ஒன்றுதான். அந்தப் பெண்ணின் தாத்தா 1948இல் முதல் வகுப்பில் சேர்ந்தவர். அப்போது இந்த மலை திருவிதாங்கூர். தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்ற போராட்டம் நடந்து, 1956 நவம்பர் 1இல் கேரளம் பிறந்ததெல்லாம் பிறகு. ஆட்சிகள் மாறின; அவர் அதே லயத்தில் இருந்தார், அதே மட்டத்தில் தேயிலை வெட்டினார், அந்த மண்ணிலேயே அடக்கமும் ஆனார்.

பேத்தி அந்தப் பதிவேட்டின் நகல் கேட்டு மனுப் போட்டாள். முப்பதாவது நாள் பதில் வந்தது. மலையாளத்தில், நான்கே வரி. கேட்கப்பட்டது மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல், ஆகவே தர இயலாது.

அவள் மலையாளம் நன்றாகப் படிப்பாள். ஆனாலும் காகிதத்தை என்னிடம் நீட்டி, “டீச்சர், நான் படித்தது சரிதானா, பாருங்கள். தாத்தா எப்படி மூன்றாம் நபர் ஆவார்?” என்று கேட்டாள். சட்டத்தின் சொல்லகராதியில் மனுப் போட்டவரைத் தவிர உலகில் எல்லாருமே மூன்றாம் தரப்புதான். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு விதவை. அவர் எந்தத் தகவலும் கேட்டு வரவில்லை. தம்மைப் பற்றிய தகவலை ஒரு சுவரிலிருந்து எடுக்கச் சொல்லி மனு எழுத வந்தார். அறுபது வயதுக்குக் கீழே உள்ள விதவைகள், பென்ஷன் தொடர வேண்டுமானால், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று ஆண்டுதோறும் சான்று கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிக் கொடுக்காதவர்களின் பட்டியலைக் கணினியிலிருந்து எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். பெயர், வீட்டு எண், மொபைல் எண், வங்கிக் கணக்கு எண், ஆதாரின் பன்னிரண்டு இலக்கங்கள் எல்லாமே அதில் இருந்தன. தலைப்பில் கொட்டை எழுத்தில் ‘மறுமணச் சான்று தராதவர்கள்’. நான் போய்ப் பார்த்தேன். தேநீர்க் கடைக்கு எதிரே இருந்தது அந்தப் பலகை. தாளின் ஒரு மூலை நனைந்து சுருண்டிருந்தது. எழுத்து மட்டும் மங்கவே இல்லை.

அவர் காய்ச்சலில் கிடந்ததால், சான்று பதியும் அட்சயா இ-சேவை மையத்துக்குப் போகாமல் விட்டவர். அதைப் பலகை சொல்லவில்லை. பலகையைப் பார்த்தவர்கள் சொன்னது வேறு. அடுத்த வாரம் ஒருவன் போனில் கூப்பிட்டு, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கணக்கு எண்ணைச் சரியாக ஒப்பித்து, ஓடிபி கேட்டிருக்கிறான். கணக்கு எண் சரியாக இருந்ததால் நம்பிவிட்டார். இரண்டு மாதப் பென்ஷன் போயிற்று. “பணம் போனால் போகட்டும் டீச்சர். என் மருமகன் அந்தப் பலகையைப் படித்துவிட்டானே” என்று சொல்லித்தான் அழுதார்.

மூன்றாவது காரியம் ஒரு நடைபாதை. லயத்துக்கு இறங்கும் வழியில் பொதுப் பணத்தில் போட்ட கான்கிரீட் நடை முதல் மழையிலேயே பிளந்து பெயர்ந்தது. பிரசவ வேதனையில் இருந்த ஒரு பெண்ணை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் ஏற வேண்டியிருந்தது. இளைஞர்கள் இரண்டு பேர் வந்து, எத்தனை மூட்டை சிமெண்ட் போட்டார்கள், யார் அளந்தார்கள், எவ்வளவு பில் கொடுத்தார்கள் என்று அளவுப் புத்தகத்தின் நகல் கேட்டு மனு எழுதச் சொன்னார்கள். எழுதினேன். ஒப்பந்தக்காரரையும் அலுவலரையும் பற்றிய தனிப்பட்ட தகவல்கள் அதில் இருப்பதால் தர முடியாது என்று பதில் வந்தது.

ஐயா, அம்மா, இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்க்கார் பணத்தைச் செலவழித்தவரின் கையெழுத்து அந்தரங்கம். தன் பாட்டனின் பெயர் பேத்திக்கு அந்தரங்கம். ஒரு விதவை தனியாக இருக்கிறாளா இல்லையா என்பது மட்டும் தேநீர்க் கடைக்கு எதிரே ஒட்டவேண்டிய பொதுச் செய்தி. தனியுரிமையும் தகவல் உரிமையும் ஒன்றோடொன்று மோதுகின்றன, நடுவில் ஒரு கோடு போடுவது கடினம் என்று பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். எங்கள் மலையில் நான் அந்த மோதலைப் பார்க்கவில்லை. எளியவரின் உடம்பும் எண்ணும் திறந்து கிடக்கின்றன, அதிகாரம் செய்த காரியம் மூடிக் கிடக்கிறது. இரண்டு உரிமையும் ஒரே சமயத்தில் தோற்றிருக்கின்றன.

சட்டம் மாறியதை நான் அறிவேன். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை நானே திண்ணையில் இருப்பவர்களுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். பொதுக் காரியத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனிப்பட்ட தகவலாக இருக்க வேண்டும், அல்லது அதை வெளியிடுவது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழைவதாக இருக்க வேண்டும், அப்போதுதான் மறுக்கலாம். அப்படியிருந்தும் பெரும் பொதுநலன் கோரினால் கொடுக்கலாம். நாடாளுமன்றத்துக்கோ சட்டசபைக்கோ மறுக்க முடியாத தகவலைச் சாதாரண மனிதனுக்கும் மறுக்கக் கூடாது என்ற ஒரு வரியும் அதன் அடியில் இருந்தது. அந்த வரியைப் படித்துக் காட்டும்போதெல்லாம் எதிரே இருப்பவர் சற்று நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44(3) பிரிவின் மூலம் இதையெல்லாம் எடுத்துவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது ‘தனிப்பட்ட தகவல் தொடர்பான தகவல்’ என்பது மட்டுமே. பொதுக் காரியத்தோடு தொடர்பு உண்டா என்ற கேள்வி அங்கே இல்லை. கணினியில் உள்ள தரவுகளைக் காக்க வந்த சட்டம், ஸ்டீல் நிப்பு மையால் எழுதிய என் பள்ளிப் பதிவேட்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. மனிதர் பெயர் இல்லாத சர்க்கார் காகிதம் எங்கே இருக்கிறது? கோப்பில் குறிப்பு எழுதியவர் மனிதர், பில்லில் கையெழுத்துப் போட்டவர் மனிதர், கூலி வாங்கியவர் மனிதர். இப்படிப் பார்த்தால் எல்லாமே தனிப்பட்ட தகவல்தான்.

1990களில் ராஜஸ்தானத்துக் கிராமங்களில் தொழிலாளர்கள் ஒன்று கூடி மஸ்டர் ரோல்களை ஊர் நடுவே உரக்க வாசித்ததிலிருந்துதான் இந்தச் சட்டத்துக்கான இயக்கம் வளர்ந்தது. வாசித்தபோது செத்தவர்கள் பெயரிலும், வேலைக்கே வராதவர்கள் பெயரிலும் கூலி எழுதியிருந்தது தெரியவந்தது. பெயர்களை வாசித்ததால்தான் தெரிந்தது. எங்களுக்கும் இது புரியாத விஷயம் இல்லை. மஸ்டரில் பெயர் வாசிக்கும்போது ‘ஆஜர்’ சொன்னவர்களுக்குத்தான் அன்றைய கூலி என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் பெயரை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும்.

நம் மாநிலத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2024 நவம்பரில் நிதித்துறை ஆராய்ந்தபோது, 1,458 அரசு ஊழியர்கள் ஏழைகளுக்கான சமூக நலப் பென்ஷனை வாங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. கல்லூரி உதவிப் பேராசிரியர்களும் அதில் இருந்தார்கள். துறை கணினியில் ஒப்பிட்டுக் கண்டுபிடித்ததை, பட்டியல் வார்டில் வாசிக்கப்பட்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். அதனால் பென்ஷன் பட்டியலையே மூடுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். என் திண்ணையில் அழுத அந்த விதவையும் அதைக் கேட்கவில்லை. தன் பெயர் பட்டியலில் இருப்பதில் அவருக்கு வெட்கம் இல்லை. “பென்ஷன் வாங்குகிறேன் என்று எல்லாருக்கும் தெரியுமே” என்றார். பெயர், வார்டு, எந்த மாதம் முதல், எவ்வளவு என்பதோடு நிறுத்தியிருக்கலாம். ஆதார் எண் எதற்கு, கணக்கு எண் எதற்கு, மொபைல் எண் எதற்கு? சான்று தராதவர்களுக்கு ஒரு தபால் அட்டை போட்டிருந்தால் போதுமே. ஊனமுற்றோர் பென்ஷனில் நோயின் பெயரையும் சேர்த்து எழுதுகிற பழக்கம் எதற்கு?

நலத்திட்டங்களில் எவ்வளவு ஒதுக்கினார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்பதைக் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது 4(1)(பி) பிரிவு. அதைக் காட்டித்தான் பலகையில் ஒட்டியதற்கு நியாயம் சொல்கிறார்கள். ஆனால் பயனாளியின் வங்கிக் கணக்கு எண்ணை ஒட்டு என்று அந்தப் பிரிவு எங்கே சொல்கிறது? 2017இல் ஜார்க்கண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முதியோரின் ஆதார் எண்கள் அரசின் இணையதளத்திலேயே வெளியாகிக் கிடந்தன. அடுத்த ஆண்டு ஆந்திரத்தில் அரசு வீட்டுத் திட்டப் பயனாளிகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அதே கதி. இரண்டு இடத்திலும் களவு போகவில்லை; அரசே வெளியிட்டது. எவையெல்லாம் வெளியே தெரியலாம், எவை கூடாது என்று யோசிக்க யாருக்கும் நேரம் இல்லாமல் போயிற்று. எங்கள் பலகையிலும் அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். அந்தக் குமாஸ்தா கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். கணினியில் வந்ததை அச்சிட்டு ஒட்டினார். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தனியுரிமை எனக்கு அற்பமான விஷயம் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். லயத்தில் பிறந்தவர்களுக்கு அதன் அருமை மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். ஒரே நீளக் கட்டடத்தில் எட்டு வீடு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. தகரத்துக்கும் சுவருக்கும் இடையே கை நுழையும் அளவுக்குத் திறப்பு இருக்கும். பக்கத்து வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும். அங்கே கொதிக்கிற குழம்பு என்னவென்று இங்கே தெரியும். அம்மாவும் அப்பாவும் ரகசியம் பேச வேண்டுமானால் தேயிலைக்குள் நடந்துபோய்ப் பேசுவார்கள். வயசுக்கு வந்த பிறகு நான் துணி மாற்றப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒரே குரலில் சொன்னபோது, பத்திரிகையில் அந்தச் செய்தியைக் கத்தரித்து எடுத்து வைத்தேன். இன்றும் இருக்கிறது. அந்த உரிமையின் பெயரால் நடைபாதையின் சிமெண்ட் கணக்கை மறைக்கும்போது எனக்கு ஏற்படும் கோபம் அதனால்தான்.

பள்ளிப் பதிவேட்டைப் பற்றியும் எனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேத்தி கேட்ட பதிவேடு இருக்கும் பள்ளியில்தான் நான் வேலை பார்த்தேன். அலமாரிச் சாவி பல ஆண்டுகள் என் கையில் இருந்தது. பழுப்பு அட்டை, முதுகில் ஒட்டிய துணிப் பட்டை, உள்ளே சிவப்புக் கோடிட்ட நீளத் தாள்கள். சேர்க்கை எண், பெயர், பாதுகாவலர், அவர் தொழில், மதம், ஜாதி, பிறந்த தேதி, அங்க அடையாளம், விலகிய நாள், விலகிய காரணம். பழைய தலைமை ஆசிரியர் ஒருவர் அழகான தமிழில் எழுதியிருப்பார். ‘வ’வின் சுழி மட்டும் சற்றுப் பெரிதாக இருக்கும். பல பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் இடத்தில் கங்காணியின் பெயர். விலகிய காரணம் என்ற இடத்தில் ‘கொழுந்துக்குப் போகிறாள்’ என்று இருக்கும். ‘தாய் மரணம்’ என்று இருக்கும். சில இடங்களில், இன்று பெரிய குடும்பமாக வாழ்கிறவர்கள் ஊர் அறிய விரும்பாத ஒரு சொல்லும் இருக்கும். அந்தப் பதிவேட்டை வழிப்போக்கர் யாரும் வந்து புரட்டிப் பார்க்க நான் விட்டதில்லை. இன்றும் விடச் சொல்லமாட்டேன். ஆனால் தன் பாட்டன் பெயர் இருக்கும் ஒரே ஒரு வரியை ஒரு பெண் கேட்டால், கொடுக்காமல் இருக்க என் மனம் ஒப்பாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 8(1)(ஜே) மாறிவிட்டது என்று சொல்லும் அலுவலர்கள் அதே சட்டத்தின் மற்றப் பிரிவுகள் அப்படியே இருப்பதைக் கவனிக்க மறுக்கிறார்கள். வெளியிடுவதால் உண்டாகும் பொதுநலன், காக்கப்படும் நலனுக்கு வரும் தீங்கைவிடப் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்ற 8(2) இன்னும் உயிரோடு இருக்கிறது. தரக்கூடாத பகுதியை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடு என்ற பத்தாம் பிரிவு இருக்கிறது. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது 8(3). இருபது ஆண்டுகளுக்கு முன்பு நடந்தவற்றைப் பற்றிய தகவலை, (ஏ), (சி), (ஐ) என்ற மூன்று விலக்குகளுக்கு மட்டும் உட்பட்டு, கேட்டவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது அது. அந்த மூன்றில் (ஜே) இல்லை. 1948ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு வயது எத்தனை என்று மறுப்புக் கடிதம் எழுதியவர் ஒரு கணம் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

எப்படிச் செய்வது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2019 டிசம்பர் 31 அன்று அரசின் கைக்கு வந்து, நாலரை ஆண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்தது. அந்தரங்கம் என்பதுதான் அதற்கும் சொன்ன காரணம். 2024 ஜூலையில் இந்த ஆணையம்தான், ஆட்களை அடையாளம் காட்டும் பகுதிகளை நீக்கிவிட்டு மற்றதை வெளியிடுங்கள் என்று உத்தரவிட்டது. ஆகஸ்ட் 19 அன்று அறிக்கை வெளியே வந்தது. நீங்கள் சொன்னதற்கும் மேலாகச் சில பத்திகளை நீக்கிவிட்டார்கள் என்ற புகாரும் உடனே எழுந்தது. எதை மறைத்தார்கள், யார் சொல்லி மறைத்தார்கள் என்று மக்கள் கேட்டார்கள். அந்த உத்தரவால் மலையாள சினிமாவில் வேலை செய்யும் பெண்களின் துன்பம் ஊருக்குத் தெரிந்தது, அவர்கள் யார் என்பது தெரியவில்லை. அந்த நிதானத்தை எங்கள் தாலுக்கா அலுவலகங்களுக்கும் கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

19(8)(ஏ) பிரிவு உங்களுக்குத் தந்திருக்கும் அதிகாரம் சிறியதல்ல. ஆவணங்களை வைத்திருக்கும் முறையை மாற்று, அலுவலர்களுக்குப் பயிற்சி கொடு, இந்த வகைத் தகவலை வெளியிடு என்றெல்லாம் எந்தப் பொது அலுவலகத்துக்கும் நீங்கள் உத்தரவிடலாம். (ஜே) என்ற ஒற்றை எழுத்தைக் காட்டி மறுக்கும் எந்த அலுவலரும், 8(2)இன்படிப் பொதுநலனை எடை போட்டுப் பார்த்தாரா, பத்தாம் பிரிவின்படிப் பிரித்துக் கொடுக்க முடியாதா, 8(3) பொருந்துமா என்ற மூன்றுக்கும் கடிதத்திலேயே எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று ஆக்குங்கள். நாலு வரிக் கடிதத்தை அதோடு ஒழித்துவிடலாம். அறிவிப்புப் பலகையில் ஒட்டும் எந்தப் பட்டியலிலும் ஆதார், கணக்கு எண், மொபைல் எண், நோய், மணவாழ்க்கை பற்றிய எதுவும் இருக்கக் கூடாது என்று ஒரு மாதிரிப் படிவம் போட்டு எல்லா ஊராட்சிகளுக்கும் அனுப்புங்கள். சர்க்கார் பணத்தில் நடந்த வேலையின் அளவுப் புத்தகமும் பில்லும் யாருடைய அந்தரங்கமும் இல்லை என்று ஒரே ஒரு தீர்ப்பில் திருத்தமாக எழுதிவிடுங்கள். அதை நகலெடுத்து நான் ஒவ்வொரு மனுவோடும் வைத்துக்கொள்கிறேன்.

மனுப் போடுகிறவர்களின் அந்தரங்கத்தையும் நினைவில் வையுங்கள். தகவல் கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை, தொடர்புகொள்ள வேண்டிய விவரம் தவிர வேறு எதையும் தரத் தேவையில்லை என்கிறது 6(2). ஆனால் நடைபாதைக்காக மனுப் போட்ட அந்த இரண்டு இளைஞர்களின் வீட்டுக்கு, மனு போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்துவிட்டார்கள். யார் சொன்னது? அலுவலரின் பெயரை மூடிய கை, மனுதாரரின் பெயரைத் திறந்து காட்டியிருக்கிறது. தோட்டத்தில் நிரந்தர வேலை கிடைக்கக் காத்திருக்கும் பையன்கள் அவர்கள். ஒருவன் மேல்முறையீட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். அவனை நான் வற்புறுத்தவில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே தலைமைச் செயலகத்தோடும் மொழிச் சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களோடும் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளலாம் என்றது. எங்கள் பகுதியில் தமிழ் மனுவை வாங்கிக்கொள்கிறார்கள்; பதில் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் வரும். மலையாளத்தின்மேல் எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. எங்கள் பிள்ளைகளின் பாதிப் பேச்சு இன்று அதுதான். ஆனால் ஐம்பது வயதுத் தொழிலாளி ஒருவர் தம்மைப் பற்றிய கடிதத்தைத் தாமே படிக்க முடியாமல் இன்னொருவரிடம் நீட்டும்போது, அவர் அந்தரங்கம் அங்கேயே போய்விடுகிறது. கணவரின் மரணம், கடன், நோய் என்று எத்தனையோ பேருடைய கடிதங்களை நான் உரக்கப் படித்துச் சொல்லியிருக்கிறேன், சுற்றிலும் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க. தமிழில் பதில் வந்திருந்தால் அவர்கள் அதை வீட்டுக்குள் வைத்துப் படித்திருப்பார்கள். தனியுரிமை பற்றிப் பேசும் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பேத்தியின் முதல் மேல்முறையீடும் தள்ளுபடி ஆகிவிட்டது. இரண்டாவது மேல்முறையீடு உங்கள் முன் இருக்கிறது. இரண்டாவது மேல்முறையீட்டை இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் கெடு இல்லை. நர்சிங் கல்லூரியில் கெடு உண்டு. நான் பார்த்ததைச் சொல்லி அவளுக்குச் சான்று வாங்கித் தரவும் முடியாது. ஓய்வு பெற்றவளின் ஞாபகம் ஆவணம் ஆகாது என்று தாசில்தார் அலுவலகத்தில் மரியாதையாகவே சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

மாவட்டங்களுக்கு நேரில் வந்து நீங்கள் விசாரணை நடத்துவது உண்டு. அடுத்த முறை பீர்மேட்டில் ஓர் அமர்வு வையுங்கள். தொடுபுழைக்கு வந்துபோக ஒரு நாள் கூலி போய்விடும் எங்கள் ஆட்களுக்கு. நீங்கள் வரும்போது அந்தப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இரும்பு அலமாரியில் மேலிருந்து இரண்டாவது தட்டு, இடது ஓரம். மேல் வரியின்மீது ஒரு வெள்ளைத் தாளையும் கீழ் வரியின்மீது ஒரு வெள்ளைத் தாளையும் வைத்துவிட்டு, நடுவில் உள்ள அந்த ஒரு வரியை மட்டும் நகலெடுத்து அவள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பீர்மேடு மலையிலிருந்து
ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியை